கண்ணாடியும் காற்றும் இடம் மாறிய கதை

"லேப்ராஸ்கோப்பிதான் பண்ணாங்க, சீக்கிரமே வீட்டுக்கு வந்துட்டோம்"னு யாராவது சொல்லிக் கேட்டிருப்பீங்க. வயிற்றில் மூணு நாலு சின்ன ஓட்டை. டாக்டர் டிவியைப் பார்த்துக்கொண்டே ஆபரேஷன் செய்வார். அந்த ஓட்டை வழியாக உள்ளே போகிற பார்வைக் குழாயும், அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த கார்ல் ஸ்டோர்ஸ் என்ற கம்பெனியும்தான் இன்றைக்கு நம்ம கதை.

தெற்கு ஜெர்மனியில் டுட்லிங்கன் என்று ஒரு சின்ன ஊர். சிவகாசிக்குப் பட்டாசு மாதிரி, அந்த ஊருக்கு ஆபரேஷன் கத்தி, கத்தரிக்கோல். போர் முடிந்த 1945-லேயே ஸ்டோர்ஸ் அங்கே கம்பெனி தொடங்கிவிட்டார். முதலில் காது, மூக்கு, தொண்டை டாக்டர்களுக்கான கருவிகள், தலையில் மாட்டும் விளக்கு, இப்படித்தான் போனது.

உடம்புக்குள் எட்டிப் பார்க்கும் ஆசை அதைவிட ரொம்பப் பழசு. 1870-களிலேயே மாக்ஸ் நிட்சே என்ற டாக்டர் சிறுநீர்ப்பைக்குள் பார்க்க ஒரு குழாய் செய்தார. அதன் நுனியில் வெளிச்சத்துக்குப் பழுக்கக் காய்ந்த பிளாட்டினக் கம்பி. சுடாமல் இருக்கக் கூடவே தண்ணீர் ஓட வேண்டும். யோசிச்சுப் பாருங்க, மயக்கம் வருது! பிறகு குட்டி பல்பு வந்தது. அதுவும் மங்கல், அதுவும் சூடு, உள்ளே இருக்கும்போதே அணைந்துபோகும்.

1960-ல் ஸ்டோர்ஸ் பல்பையே உடம்புக்கு வெளியே எடுத்துவிட்டார். பெட்டியில் பெரிய விளக்கு. அதிலிருந்து மெல்லிய கண்ணாடி இழைக் கற்றை வெளிச்சத்தை மட்டும் உள்ளே கொண்டுபோகும், சூடு வெளியிலேயே நின்றுவிடும். இதற்குப் பெயர் குளிர் ஒளி.

சரி, வெளிச்சம் போயாச்சு. படம் திரும்பி வரணுமே? அங்கேதான் லண்டனில் பிறந்த இயற்பியலாளர் ஹரால்டு ஹாப்கின்ஸ் வருகிறார். 1954-ல் இவரும் இவருடைய மாணவர் நரிந்தர் சிங் கபானியும் (பஞ்சாப் மோகாவில் பிறந்தவர்) கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தை அனுப்ப முடியும் என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஆனால் இழையில் வரும் படம் புள்ளி புள்ளியாகத்தான் இருக்கும். லிவர்பூலைச் சேர்ந்த ஜேம்ஸ் கோ என்ற சிறுநீரக டாக்டருக்கோ சிறுநீர்ப்பைக் கட்டிகளைத் தெளிவாகப் போட்டோ எடுக்க வேண்டும். அவர் ஹாப்கின்ஸிடம் போய் நின்றார்.

இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். பழைய குழாயில் நிறைய காற்று, நடுநடுவே மெல்லிய லென்ஸ்கள். ஹாப்கின்ஸ் அதை அப்படியே திருப்பிப் போட்டார். நீளமான கண்ணாடித் தண்டுகள், நடுவில் கொஞ்சமே கொஞ்சம் காற்று. கண்ணாடிக்குள் போகிற ஒளி காற்றில் போவதைவிடக் கூடுதலாகக் கடத்தப்படும். லென்ஸ்களை இடைவெளி விட்டுப் பிடிக்கும் உள்குழாய்களும் தேவையில்லை, அதனால் குழாயின் அகலத்தை முழுசாகப் பயன்படுத்தலாம். வெளிச்சம் பல மடங்கு கூடியது. 1959-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

அப்புறம்? ஒண்ணும் நடக்கலை. பிரிட்டிஷ், அமெரிக்கக் கம்பெனிகள் ஆர்வம் காட்டவில்லை. ஐந்தாறு வருஷம் அப்படியே ஓடிவிட்டது. அத்தனை நாளும் டாக்டர்கள் பழைய மங்கல் குழாய் வழியாகத்தான் கட்டிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நம்மூரில் கண்டுபிடித்தவரைக் கொண்டாடுவோம், வாங்கிச் செய்தவரை வியாபாரி என்று ஒதுக்குவோம். இந்தக் கதையில் எனக்கு அந்தப் பழக்கம் சரியாகப் படவில்லை. லாபக் கணக்கு போட்டுத்தான் ஸ்டோர்ஸ் வந்திருப்பார், வரட்டுமே! அந்தக் கணக்கைக்கூடப் போட்டுப் பார்க்க மற்றவர்கள் தயாராக இல்லையே.

ஹாப்கின்ஸின் லென்ஸைப் பற்றி ஸ்டோர்ஸிடம் எடுத்துச் சொன்னவர் ஜார்ஜ் பெர்சி என்ற அறுவை மருத்துவர். 1965-ல் இருவரும் சந்தித்தார்கள். 1967-ல் குழாய் விற்பனைக்கு வந்தது: நடுவில் படம் கொண்டுவரும் ஹாப்கின்ஸின் தண்டுகள், அதைச் சுற்றி ஸ்டோர்ஸின் ஒளி இழைகள். வேடிக்கை என்னன்னா, படத்துக்காக ஹாப்கின்ஸ் மெனக்கெட்ட அதே இழை, கடைசியில் அவருடைய லென்ஸுக்கே விளக்குப் பிடித்தது.

பார்ப்பதற்கான கருவி வந்தாலும், அதை வைத்து அறுப்பதை மற்ற டாக்டர்கள் ஒத்துக்கொள்ள இன்னும் நாளானது. 1985-ல் எரிக் மூஹே என்ற ஜெர்மன் டாக்டர் பித்தப்பையை இப்படிச் சின்னத் துளை வழியாக எடுத்தபோது, சொந்த நாட்டு சர்ஜன்களே அவரை ஏளனம் செய்தார்கள். குட்டி வீடியோ கேமராக்கள் வந்து, ஒருவர் கண்ணில் மட்டும் தெரிந்தது திரையில் எல்லாருக்கும் தெரிந்த பிறகுதான் இது வேகம் பிடித்தது.

ஹாப்கின்ஸ் 1994-ல் காலமானார், ஸ்டோர்ஸ் 1996-ல். பிறகு மகள் சிபில் ஸ்டோர்ஸ் கம்பெனியை நடத்தினார். டுட்லிங்கனிலிருந்து வரும் அந்தக் கம்பெனிக் குழாய்களை இன்றைக்கும் 'ஹாப்கின்ஸ்' என்ற பெயரில்தான் விற்கிறார்கள்.