கஞ்சித்தொட்டி: வடசென்னை வெள்ளமும் ஒரு கல்லூரி வளாகத்தின் வரலாறும்

இராயபுரத்தை அடுத்த பழைய சிறைச்சாலைச் சாலையில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியை, அப்பகுதியின் முதியோர் இன்றும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்றே குறிப்பிடுவர். சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் 1934ஆம் ஆண்டு முதல் வாயிலில் நிலைபெற்றிருந்தும், மக்கள் நாவில் நிலைத்தது கஞ்சியே. வெள்ளம் வடசென்னையைச் சூழும் ஒவ்வொரு முறையும் இவ்வளாகத்தின்மீது விழும் கடமை எத்தகையது என்பதை அறிய, அப்பெயர் பிறந்த காலத்திலிருந்தே தொடங்குதல் பொருத்தமாகும்.

1780ஆம் ஆண்டு ஐதர் அலியின் படை கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. பயிர் விளைந்த ஊர்கள் பாழாயின. உழவர் குடும்பங்கள் உயிர் பிழைக்கச் சென்னைப் பட்டினத்தை நோக்கி வந்தன. நிலவழியில் நெல் வரவில்லை. கடல்வழியிலோ பிரெஞ்சுக் கப்பற்படையின் அச்சம். இவற்றுக்கிடையே 1782 அக்டோபரில் வீசிய பெரும்புயலில், துறைமுகமே இல்லாத அந்நாளைய கடற்கரையில் நங்கூரமிட்டிருந்த அரிசிக் கப்பல்கள் சிதைந்தன. எஞ்சியிருந்த நம்பிக்கையும் கடலில் கரைந்தது. கொடிய பஞ்சம் சூழ்ந்த அவ்வாண்டில்தான் பட்டினத்தின் வடபுறத்தில், மணியக்காரர் சத்திரத்தில், பசித்தோருக்குக் கஞ்சி வார்க்கும் பணி தொடங்கியது. ‘மணியக்காரர்’ என்னும் சொல்லே ஆங்கில ஆவணங்களில் ‘மோனிகர்’ எனத் திரிந்தது. போர், பஞ்சம் என்றே இக்கதையைச் சொல்வது வழக்கம். அதில் ஒரு புயலுக்கும் பங்குண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

கஞ்சிக்கு வந்தவர்கள் பசியோடு மட்டும் வரவில்லை. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் புண்ணும் உடன் வந்தன. சோறு கொடுத்த இடத்திலேயே மருந்தும் கொடுக்க வேண்டியதாயிற்று. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் சத்திரத்தை ஒட்டி ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கினார். மருந்து கொடுக்க ஆள் வேண்டும். ஆளைப் பழக்கப் பள்ளி வேண்டும். அவ்வாறே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இராயபுரத்தில் மருத்துவப் பள்ளி எழுந்தது. அது 1934இல் ஸ்டான்லி மருத்துவப் பள்ளி எனப் பெயர் பெற்று, 1938இல் கல்லூரியாக உயர்ந்தது. ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என நான்கு தானங்களை எண்ணிப் பழகிய நம்மவர்க்கு, இவ்வளர்ச்சியின் வரிசை புதிதாகத் தோன்றாது. யாரும் திட்டமிட்டு அமைத்த வரிசையன்று இது. தேவை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து வந்தது.

இனி ஆற்றைக் காண்போம். சென்னை வெள்ளம் என்றவுடன் அடையாறும் செம்பரம்பாக்கமும் நினைவுக்கு வருகின்றன. வடசென்னையின் ஆறு கொசஸ்தலை. பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து, தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி, எண்ணூர் முகத்துவாரத்தில் அது கடலைச் சேர்கிறது. 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி, சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நகருக்குக் குடிநீர் தருகிறது. நிறைந்துவிட்டால் மிகுநீர் அனைத்தும் இவ்வாற்றில்தான் இறங்கியாக வேண்டும். புழல் ஏரியின் உபரிநீரும் வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி வழியாகச் சடையங்குப்பத்தருகே இதனோடு கலக்கிறது. புழல் ஆதிநாதர் ஜினாலயத்திற்குச் சென்று வரும் குடும்பங்கள் கடக்கும் நீர்வழிகள்தாம் இவை. கோடையில் அவை நீர்வழிகள் என்பதே தெரியாது.

பூண்டியும் புழலும் ஒருசேரத் திறக்கப்படும் நாளில் கடலும் பொங்கியிருந்தால், முகத்துவாரம் நீரை ஏற்காது. மணல் மேடுகளும் அனல்மின் நிலையச் சாம்பலும் கழிமுகத்தின் அகலத்தையும் ஆழத்தையும் ஏற்கெனவே குறைத்துவிட்டன. எனவே நீர் பின்வாங்கி மணலி புதுநகரிலும் சடையங்குப்பத்திலும் தேங்குகிறது. 2015 டிசம்பரில் இது நேர்ந்தது. 2021 நவம்பரில் மீண்டும் நேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நேர்ந்தது வேறு வகைத் துன்பம்: மணலித் தொழிற்பகுதியிலிருந்து கச்சா எண்ணெய்க் கழிவு வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, எண்ணூர்க் கழிமுகம் முழுவதும் படர்ந்தது. வீட்டுச் சுவர்களில் கரும்பட்டை எழுந்தது. மீனவர் வாளிகளாலும் குவளைகளாலும் எண்ணெயை அள்ளினர். தோல் அரிப்பும் கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலும் குப்பங்களில் பரவின. அக்கால்வாயின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அதன் பகுதி, 1877-78இல் தாது வருடப் பஞ்சத்தின்போது, பட்டினி கிடந்தோருக்குக் கூலி கொடுக்கும் பொருட்டு வெட்டப்பட்டதாகும்.

வெள்ளத்தில் கல்லூரி என்ன செய்ய இயலும் என்ற வினாவுக்குப் பலரும் தரும் விடை, வகுப்பறைகளைத் திறந்து பாய் விரிப்பதும் உணவுப் பொட்டலம் கட்டுவதுமே. 1969இல் காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தின் மாணவர்கள் இப்பணியைப் பலமுறை செய்துள்ளனர். அதைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயினும் பொட்டலம் கட்டக் கைகள் போதும். வெள்ளம் வடிந்த பின் தொடங்கும் வேலைக்குக் கல்வி வேண்டும். ஒளிப்படக்காரர்கள் திரும்பிச் சென்றபின் நடக்கும் வேலை என்பதால் அது பெரும்பாலும் எழுதப்படுவதில்லை.

வெள்ளத்துக்கு ஒரு நாட்காட்டி உண்டு. முதல் சில நாட்களில் வருவது வயிற்றுப்போக்கு. கழிவுநீர் குடிநீர்க் குழாயில் கலந்ததன் பயன். ஓரிரு வாரங்களில் எலிக்காய்ச்சல் தலைகாட்டும்; எலிச் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலுடன் நடந்தவர்களின் தோற்புண் வழியே கிருமி நுழைந்திருக்கும். இரண்டு மூன்று வாரங்களில், தேங்கிய நன்னீரில் முட்டையிட்ட கொசுக்களால் டெங்கு. தண்ணீர் வடிந்துவிட்டது, இனி அச்சமில்லை என்று குடும்பம் வீடு திரும்பும் நாளில்தான் மருத்துவமனையின் வெள்ளம் தொடங்குகிறது. எலிக்காய்ச்சலுக்கெனவே ஆய்வகம் ஒன்று மாதவரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் இயங்குகிறது. கால்நடைக்கும் மனிதர்க்கும் பொதுவான நோய் அது.

இந்நாட்காட்டியை அறிந்த மாணவரே வெள்ளத்தில் பயன்படுவர். குளோரின் பொடி 1000 லிட்டர் நீருக்கு 4 கிராம் என்ற கணக்கில் இட்டு, அரை மணி நேரத்திற்குக் குறையாமல் காத்திருந்து, எஞ்சிய குளோரினை நிறமாற்றத்தால் அளந்து பார்ப்பது மருத்துவ மாணவர்கள் சமூக மருத்துவப் பாடத்தில் செய்முறையாகவே பயில்வது. தேர்வுக்காகப் பயின்ற இந்த எளிய கணக்கு, ஒரு தெருவின் கீழ்நிலைத் தொட்டிகள் அனைத்திலும் சாக்கடை கலந்துவிட்ட நாளில் உயிர் காக்கும் கணக்காகிறது. பொடியைக் கைநிறைய அள்ளிப் போட்டுவிட்டுச் செல்வது கணக்கன்று. நாற்றம் தாங்காத மக்கள் அந்நீரைக் கொட்டிவிட்டு, வேறெங்கோ கிடைக்கும் கெட்ட நீரை நாடிச் செல்வர்.

வயிற்றுப்போக்கைப் பற்றி ஒரு செய்தியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 1971இல் வங்கதேசப் போரினால் எல்லை கடந்து வந்த ஏதிலிகள் நெருக்கியடித்துத் தங்கிய பன்காவ்ன் முகாமில் காலரா பரவியது. நரம்புவழிச் செலுத்தும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. மருத்துவர் திலீப் மகாலனோபிஸ் குளுக்கோசு, உப்பு, சோடா உப்பு ஆகியவற்றை நீரில் கரைத்து, பீப்பாய்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் உறவினரே ஊட்டுமாறு செய்தார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த இறப்பு 4க்கும் கீழே இறங்கியது. பின்னர் நடந்த ஆய்வுகள், குளுக்கோசுக்குப் பதிலாக அரிசி மாவைக் காய்ச்சி உப்பிட்ட கரைசலும் காலராவுக்கு நன்கு பயன்படுவதைக் காட்டின. அரிசியின் மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்லச் சர்க்கரையாகப் பிரிந்து, உப்பையும் நீரையும் உள்ளிழுக்கத் துணை செய்கிறது. 1782இல் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி வார்த்தவர்களுக்கு இந்த வேதியியல் தெரிந்திருக்க வழியில்லை. பசிக்கென ஊற்றியது, ஓரளவு நோய்க்கும் மருந்தாகியிருக்கும்.

இவ்வளாகத்தையே புகலிடமாகக் கருதும் மக்கள் எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் மணலியிலிருந்தும் வருகின்றனர். இங்குதான் உண்மையான இடர் உள்ளது. ஆறு பெருகும் நாளில் இவ்வூர்களுக்கும் மருத்துவமனைக்கும் இடையிலுள்ள சாலைகளே முதலில் மூழ்குகின்றன. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை நீரில் மூழ்கிப் போக்குவரத்து நிற்பது வடசென்னையில் ஆண்டுதோறும் கேட்கும் செய்தி. பூண்டியில் இத்தனை கன அடி திறக்கப்படுகிறது என்ற அறிவிப்பு எண்ணூரை நீர் எட்டுவதற்குச் சில மணி நேரம் முன்னதாகவே வெளியாகிறது. கரையோரத்தார் அதைக் கேட்டு மேட்டுக்குச் செல்கின்றனர். அதே சில மணி நேரத்தில் படகு ஏறவேண்டிய மருத்துவரும் மருந்துப் பெட்டியும் மறுகரையில் இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. நோயாளி கல்லூரிக்கு வர இயலாத நாளில் கல்லூரி நோயாளியிடம் சென்றாக வேண்டும். அதற்குச் சாலை மூழ்கும் முன்னரே புறப்பட வேண்டும்.

இவ்வாறு முந்திக்கொள்ளும் முறை ஒரு துறையில் ஏற்கெனவே வழக்கத்துக்கு வந்துள்ளது. புயல், கனமழை எச்சரிக்கை வெளியானதும், பேறுகாலம் நெருங்கிய மகளிரின் பட்டியலை எடுத்து அவர்களை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்ப்பதைத் தமிழகச் சுகாதாரத் துறை பின்பற்றி வருகிறது. வடசென்னையில் அத்தகைய மகளிரை ஏற்கும் பெரிய மனை, இராஜா சர் இராமசாமி முதலியாரின் கொடையால் எழுந்து, இன்று ஸ்டான்லிக் கல்லூரியோடு இணைந்து இயங்கும் இராயபுரம் மகப்பேறு மருத்துவமனை.