கறுப்புக் குதிரை

யாருடைய கணக்கிலும் இல்லாதிருந்து, தேர்தல் களத்தில் திடீரென முந்தும் வேட்பாளர். இங்கிலாந்தின் குதிரைப் பந்தயத்தில் பிறந்த சொல். ‘கறுப்பு’ என்பது நிறத்தையல்ல, பந்தயம் கட்டுவோர் அறியாத குதிரை என்பதைச் சொல்கிறது. டிஸ்ரேலியின் ‘தி யங் டியூக்’ (1831) நாவலில் இது வருகிறது.

அமெரிக்க அரசியலில் இதற்கு முதல் உதாரணமாகச் சொல்லப்படுபவர் ஜேம்ஸ் போல்க். 1844இல் பால்டிமோரில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் முதல் ஏழு சுற்றுகளிலும் அவருக்கு ஒரு வாக்குகூட இல்லை. எட்டாவது சுற்றில் தலைகாட்டினார், ஒன்பதாவதில் அதிபர் வேட்பாளரானார்.

உட்கட்சித் தேர்தல்கள் வந்தபின் முடிவு வாக்காளர் கைக்கு மாறியது. “ஜிம்மியா, யாரது?” என்று கேட்கப்பட்ட கார்ட்டர், 1976இல் நியூ ஹாம்ப்ஷயரில் வென்று, வெள்ளை மாளிகை வரை போனார். முன்னணி வேட்பாளரை மட்டும் நம்பி ஆரூடம் சொல்லப் பலரும் தயங்குவது அதனால்தான்.