ஒற்றைப் பாதையும் கணினியின் காத்திருப்பும்

கேகாலை மாவட்டத்து றம்புக்கணையோடு இரட்டைத் தண்டவாளம் முடிகின்றது. அப்பால் மலையேறும் புகையிரதம் ஒற்றைப் பாதையிலேயே செல்லல் வேண்டும். இலங்கையின் ஒற்றைப் பாதைகளிற் பயின்ற வில்லைப் பொறி, 1874இல் இங்கிலாந்தின் தோர்ப்பில் எதிரெதிர் வண்டிகள் மோதியபின், எட்வேட் டையர் 1878இல் உரிமம் பெற்றதாகும். ஒரு வில்லை வெளியே இருக்கும்வரை இரு நிலையப் பொறிகளும் மற்றொன்றைத் தாரா.

கணினியில் வட்டு முதலியவற்றை நடத்தும் கட்டுப்படுத்திக்கும் இந்நிலை உண்டு. ஒரு வேலை முடியுமுன் மறு கட்டளையைத் திணித்தால் தரவு கெடக்கூடும். பழைய இயக்கிநிரல்கள் 'முடிந்ததா, முடிந்ததா' என ஓயாது வினவின; செயலியின் காலம் வீணாயிற்று. 1964இல் ஐ.பி.எம். அறிவித்த 360 வரிசை இதற்கு ஓர் ஒழுங்கு வகுத்தது. வேலையிலுள்ள கட்டுப்படுத்தி கட்டளையை ஏற்காது திருப்பும். அங்ஙனம் திருப்பியதுண்டாயின், ஓய்வுற்றதும் தானே குறுக்கீடு செய்து அறிவிக்கும். மறுத்தவனையே அழைக்கக் கடமைப்படுத்திய இவ்வேற்பாடு மெச்சத்தக்கது. பின்வந்த ஐ.டி.ஈ. வட்டுகளில், நிலைப்பதிவகத்தின் உச்ச இருமம் ஒன்றாயிருக்கையில் ஏனைய இருமங்களை நம்பலாகாது. கருவி பழுதுற்றாலோ அது ஒன்றாகவே நின்றுவிடவுங்கூடும். ஆதலின் லினக்சு இயக்கிநிரல்கள் காலவரையறை வைத்து, அது கடந்ததும் கட்டுப்படுத்தியை மீளத் தொடக்குகின்றன.