ஏஜிஸ் உடைந்த ஆட்டம்

2013 ஆகஸ்ட், நோன்புப் பெருநாள் விடுமுறை. சுங்கைப்பட்டாணியில் ஒரு சிசி. தோட்டத்துப் பையன்கள் நாலு பேர் ஒரே திரையில் சியாட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். டோட்டா 2இன் 'தி இன்டர்நேஷனல்' போட்டி. மொத்தம் 16 அணிகள். அதில் ஆரஞ்ச், முஷி தலைமையில் ஐந்து பேருமே மலேசியர்கள்.

தோற்றவர் பிரிவு இறுதியில் உக்ரேனின் நாவியோடு மோதல். ஆளுக்கு ஒன்று ஜெயித்து, மூன்றாவது ஆட்டம். ரோஷனைக் கொன்றால் ஏஜிஸ் கிடைக்கும். அது கையில் இருந்தால் செத்தாலும் ஒருமுறை எழலாம். கீழே கிடந்த அதை எடுக்காமல், கிக்ஸி தவறுதலாக அடித்து உடைத்துவிட்டார். கடையே "அலாமா!" என்றது. நாவி வென்றது.

மூன்றாம் இடம், 287,438 டாலர். முந்தைய ஆண்டுச் சாம்பியன் ஐஜி உட்பட, அங்கே வந்த எல்லாச் சீன அணிகளும் ஆரஞ்சுக்குக் கீழேதான் முடித்தன. அரையிறுதியில் தோங்ஃபூவை வீட்டுக்கு அனுப்பியதும் இவர்கள்தான். ஆனால் இன்றைக்கு ஆரஞ்ச் என்றாலே அந்த ஒரு க்ளிக்தான் பேச்சு.

எங்களுக்கு இது புதுசில்லை. பையன் வருடம் முழுக்கப் படித்தது தோட்டத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. சிசியில் மாட்டிய ஒரு சாயங்காலம் மட்டும் கல்யாண வீடுவரை வரும். அந்த சீசனை யாராவது முதல் ஆட்டத்திலிருந்து எழுத வேண்டும்.