கட்டவிழ்ந்த கவிதையின் கட்டுக்கோப்பு
(தமிழ்ப் புதுக்கவிதையும் மலாய்ச் சஜாக்கும்: ஓர் ஒப்பீடு)

புதுக்கவிதைக்கு இலக்கணம் இல்லை என்பது அதனை வெறுப்போர் கூற்று. அதனை விரும்பி எழுதுவோருள்ளும் பலர் அதையே பெருமையாகச் சொல்வர். பகைவரும் உறவினரும் ஒரே கருத்தில் ஒன்றுபடுவது அரிது. ஆயினும் இருசாராரும் ஒன்றுபட்ட அக்கருத்து உண்மைதானா என்பதைக் கவிதை வரலாற்றைக் கொண்டே ஆராய வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இவ்வழக்கு 1960-களிலும் 1970-களிலும் நாளிதழ்ப் பக்கங்களிலேயே நடந்தது. ஆனால் அதே மண்ணில் வழங்கும் மலாய் மொழியின் கவிதையும் ஏறத்தாழ அதே காலத்தில் பழைய கட்டை அவிழ்த்துப் புதிய வடிவம் பூண்டது என்பதைத் தமிழர் அவ்வளவாகக் கருதவில்லை. இரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். கட்டு அழியவில்லை; அது இடம் மாறியது.

தளையும் தொகுதியும்

தமிழ் யாப்பின் உறுப்புகள் ஆறு என்று யாப்பருங்கலக்காரிகை வகுக்கும். அவை எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்பன. இவற்றுள் தமிழ்ச் செய்யுளின் தனித்தன்மையைக் காட்டுவது தளை. நின்ற சீரின் ஈற்றசையும் வருஞ்சீரின் முதலசையும் கூடும் கூட்டமே தளை எனப்படும். தளைகள் ஏழு. வெண்பாவில் இயற்சீர் வெண்டளையும் வெண்சீர் வெண்டளையும் அன்றிப் பிற தளை வரலாகாது. ஒரு சீர் பிறழ்ந்தாலும் வெண்பா கெடும். ஆகவே பழந்தமிழ்ச் செய்யுளின் வலிமை முழுதும் மிகச் சிறிய இடத்தில், சொல்லும் சொல்லும் முட்டும் மூட்டுவாயில் இருந்தது எனலாம்.

மலாய்ப் பந்துனின் வலிமையோ வேறிடத்தில் உள்ளது. பந்துன் நான்கு அடிகளால் ஆவது. ஓரடியில் பொதுவாக நான்கு சொற்கள், எட்டு முதல் பன்னிரண்டு வரை அசைகள் வரும். முதலடியும் மூன்றாமடியும் ஓர் ஈற்றொலி பெறும். இரண்டாமடியும் நான்காமடியும் மற்றோர் ஈற்றொலி பெறும். முதல் இரண்டு அடிகள் 'பெம்பாயாங்' எனப்படும் நிழற்பகுதி. பின்னிரண்டு அடிகள் 'மக்சுட்' எனப்படும் கருத்துப்பகுதி. படகு கரையை விட்டு நீங்குவதை முன்னிரண்டு அடிகள் காட்டினால், பின்னிரண்டு அடிகள் மனிதரின் பிரிவைப் பேசும். அசையில் ஒன்று கூடினும் குறையினும் பந்துன் கெடுவதில்லை. பாதி போய்விட்டால் பந்துனே இல்லை. அதன் கட்டு சீரில் அன்று, தொகுதியில் அமைந்தது.

இயற்கையை முன்வைத்து மனிதர் நெஞ்சைப் பின் உணர்த்தும் இம்முறை தமிழர்க்குப் புதியதன்று. சங்க அகப்பாடல்களில் உள்ளுறை உவமமும் இறைச்சியும் செய்யும் பணி இதனோடு ஒப்பிடத்தக்கது. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. அகப்பாட்டில் கருப்பொருளும் உரிப்பொருளும் பொருளால் பின்னப்பட்டவை. பந்துனில் இரு பாதிகளும் சிலபோது பொருளால் இணையும். சிலபோது ஒலியால் மட்டுமே இணையும்.

பாரதியார் திறந்த வாயில்

அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855-ஆம் ஆண்டில் 'புல்லின் இதழ்கள்' என்னும் நூலை வெளியிட்டார். அதில் அசைக்கணக்கு இல்லை. ஒரே வகையில் தொடங்கும் வாக்கியங்கள் அலைபோல் அடுக்கி வருவதே அதன் ஓசை. விட்மனை அறிந்திருந்தவர் பாரதியார் (1882-1921). சப்பானியரின் ஹொக்கு என்னும் குறுங்கவிதையைப் பற்றியும் அவர் 1916-இல் சுதேசமித்திரனில் எழுதினார். சிந்து, கண்ணி, கும்மி என மக்கள் வாயில் வழங்கிய வடிவங்களைக் கையாண்ட அவரே, 'காட்சி' என்னும் வசன கவிதையையும் இயற்றினார்.

அதில் காற்றைப் பாடும் பகுதி ஆய்வுக்கு உரியது. ஓலைப்பந்தலில் தொங்கும் இரண்டு கயிற்றுத் துண்டுகளைக் கணவன் மனைவியாகப் புனைந்து, கந்தன் என்றும் வள்ளியம்மை என்றும் பெயரிட்டு ஒரு கதைபோல் அது தொடங்குகிறது. கயிறுகள் பேசுகின்றன, விளையாடுகின்றன. பின்னர் காற்றுத்தேவன் தோன்றி, அசைவற்ற சிறிய கயிறு உறங்கவில்லை, செத்துவிட்டது என்றும், தானே உயிர்ச்சக்தி என்றும் உரைக்கிறான். அதன்மேல் துதி எழுகிறது. இங்கே தளை இல்லை. ஆனால் வரிசை உண்டு. கதையும் காற்றின் உரையும் துதியும் இடம் மாறினால் பாட்டு சிதையும். துதியை முதலில் வைத்துக் கயிற்றைப் பின்னால் கட்ட இயலாது. சீர்களுக்கிடையே இருந்த பிணிப்பு பகுதிகளுக்கிடையே சென்றுவிட்டது.

எழுத்து இதழின் காலம்

பாரதியாருக்குப் பின் ந. பிச்சமூர்த்தி (1900-1976) 1934-ஆம் ஆண்டில் மணிக்கொடியில் 'காதல்' என்னும் யாப்பற்ற கவிதையை வெளியிட்டார். கு. ப. ராஜகோபாலனும் அவ்வழியில் எழுதினார். எனினும் அது ஓர் இயக்கமாக உருப்பெற்றது சி. சு. செல்லப்பா 1959-ஆம் ஆண்டு சனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கிய பின்னரே. 1962-இல் வெளிவந்த 'புதுக்குரல்கள்' தொகுப்பில் 24 கவிஞர்களின் 63 கவிதைகள் இடம்பெற்றன.

அக்கவிஞருள் சி. மணியின் நிலை சிந்திக்கத்தக்கது. அவருடைய 'நரகம்' என்னும் நெடுங்கவிதை நகரத் தெருக்களில் தனியே திரியும் ஒருவனின் நெஞ்சைத் துண்டு துண்டான காட்சிகளாகக் காட்டுகிறது. காட்சிக்கும் காட்சிக்கும் இடையே இணைப்புச் சொல் இல்லை. இணைப்பது படிப்பவர் கடமை. ஆயினும் அதன் பல அடிகளில் அகவலோசை கேட்கும். அவரே 1975-இல் 'யாப்பும் கவிதையும்' என்னும் ஆய்வு நூலையும் எழுதினார். புதுக்கவிதை எழுதினோர் யாப்பறியாதார் என்னும் பழிச்சொல் அவர்பால் செல்லாது. யாப்பை அறிந்தே அதன் ஓசையை வேண்டுமிடத்தில் ஏற்று, வேண்டாவிடத்தில் நீத்தவர் அவர்.

மலாய்க் கவிதையின் மாற்றம்

மலாய்க் கவிதையில் மாற்றம் அயல் வடிவம் ஒன்றன் வழியே தொடங்கிற்று. 1920-களில் சுமத்திராவைச் சேர்ந்த முகமது யாமின் முதலியோர் ஐரோப்பியச் சானெட் வடிவைக் கையாண்டனர். 1933-இல் பத்தாவியாவில் 'புஜாங்கா பாரு' இதழ் தோன்றியது. அதன் கவிஞருள் தலைசிறந்த அமீர் ஹம்சா 1937-இல் வெளியிட்ட 'ஞாஞி சுஞி' (தனிமைப் பாடல்) தொகுதியில் பழைய மலாய்ச் சொல்லின் இனிமையும் புதிய தனிமனித நெஞ்சும் கலந்து நிற்கின்றன.

பெரிய உடைப்பு கைரில் அன்வாரால் (1922-1949) நிகழ்ந்தது. மேடானில் பிறந்து இருபத்தாறு வயதிலேயே மறைந்த அவர், சப்பானியர் ஆட்சிக் காலமாகிய 1943-இல் 'ஆக்கு' (நான்) என்னும் கவிதையை இயற்றினார். அதில் நான்கடிக் கணக்கு இல்லை. ஒரு பத்தி சில அடி, ஒரு பத்தி ஓரடி என மாறுகிறது. காயமுற்ற விலங்கு ஓடும் மூச்சைப்போல் அடி குறுகியும் நீண்டும் செல்கிறது. ஆனால் ஈற்றொலி ஒப்பு பெரும்பாலும் நிற்கிறது! தொகுதியின் அளவை உடைத்த கவிஞர் அதன் ஒலிப்பிணிப்பை விடவில்லை.

1950-ஆம் ஆண்டு ஆகத்து 6-ஆம் நாள் சிங்கப்பூரில் 'அங்காத்தான் சாஸ்தெராவான் 50' அமைப்பு தோன்றிற்று. கலை மக்களுக்கே என்பது அதன் கொள்கை. அதன் கவிஞருள் ஒருவரான மசூரி எஸ். என். எழுதிய, தாம் உண்ணும் சோற்றைப் பற்றிய கவிதை புகழ்பெற்றது. வாயிலிடும் கவளத்தில் தொடங்கி, அது முன்பு காற்றில் சாய்ந்தாடிய நெற்கதிராய் நின்றதை அது நினைக்கிறது. முதற்பத்தி நான்கு அடி; நான்கிற்கும் ஒரே ஈற்றொலி. பொருள் புதிது, கேள்வி புதிது. தொகுதியோ பழைய மண்ணின் வாசனை மாறாதது. பின்னர் 1973-இல் சுதார்ஜி கல்சூம் பாக்ரி சொல்லைப் பொருளின் சுமையிலிருந்து விடுவிப்பதாக அறிக்கை விட்டார். அவர் சென்று சேர்ந்த இடமும் பழமையான மலாய் மந்திரத்தின் திரும்பத் திரும்ப ஒலிக்கும் உச்சாடனமே.

ஒப்பீட்டின் பயன்

இரு மொழிகளும் கட்டை அவிழ்த்தபோது வெவ்வேறு பொருளைக் கைவிட்டன. வெவ்வேறு பொருளைக் காத்துக்கொண்டன. தமிழ் தளையை விட்டது. எதுகை மோனையின் சாயலையும் அகவலின் நடையையும் செவியளவில் வைத்துக்கொண்டது. மலாய் அடித்தொகையை விட்டது. ஈற்றொலியையும் அடுக்கையும் வைத்துக்கொண்டது. ஆயினும் இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. பந்துனில் நிழலும் கருத்தும் இரண்டும் கூறப்பட்டன. புதிய கவிதை பலவேளைகளில் நிழலை மட்டும் கூறிக் கருத்தைப் படிப்பவரிடம் விட்டுவிடுகிறது. அதனால் கருத்து இல்லாமற் போகவில்லை. சொல்லப்படாத பாதியாய் நின்று, சொல்லிய பாதியைத் தாங்குகிறது.

பந்துன் கடல் கடந்ததும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. விக்டர் ஹியூகோ 1829-இல் வெளியிட்ட தம் நூலின் குறிப்புரையில் தொடர்பந்துன் ஒன்றின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பைச் சேர்த்தார். 1857-இல் போதலேர் அவ்வடிவைத் தழுவி ஒரு கவிதை யாத்தார். ஐரோப்பியப் புதுக்கவிதையின் முன்னோடி ஒருவர் மலாய்க் கட்டுக்கோப்பைக் கற்றவர் என்றால், புதுமை என்பது கட்டில்லாமை என்று எவ்வாறு கூறுவது?

ஆகவே ஒரு புதுக்கவிதையை மதிப்பிடுவோர் மூன்று வினாக்களைக் கேட்கலாம். அடி ஏன் இவ்விடத்தில் முறிகிறது? பகுதிகளை முன்பின்னாக மாற்றினால் பொருள் கெடுகிறதா? திரும்ப வரும் சொல்லோ ஒலியோ காட்சியோ இரண்டாம் முறை வரும்போது புதுப்பொருள் பெறுகிறதா? காலையில் மழை பெய்ததால் பேருந்து தாமதமாக வந்தது என்னும் செய்தியை நான்காக முறித்து எழுதினாலும் அது செய்தியே. எங்கு முறித்தாலும் அதற்கு இழப்பில்லை. இழப்பில்லாத இடத்தில் கட்டும் இல்லை. இம்மூன்று வினாவுக்கும் விடை தராத எழுத்தைப் புதுமையின் பெயரால் போற்றுவது இளங்கவிஞர்க்குச் செய்யும் தீங்கு. விடை தரும் கவிதையை வெண்டளை இல்லை என்று தள்ளுவது தமிழுக்குச் செய்யும் தீங்கு.

தொல்காப்பியர் செய்யுளியலில் வகுத்த உறுப்புகள் முப்பத்துநான்கு. அவற்றுள் ஒன்றின் பெயர் விருந்து. புதிதாகப் புனையப்படும் யாப்பைக் குறிப்பதற்கு அவர் தேர்ந்த சொல் அது. விருந்தினர் எவராயினும் வீட்டின் ஒழுங்கறிந்து நடக்க வேண்டும். வீட்டாரும் வாயிலை அடைக்கலாகாது. யாப்பிலக்கணத்தின் வீட்டிலே புதுமைக்கென்று ஓர் இருக்கை தொடக்கத்திலேயே இடப்பட்டிருந்தது.