ஊவா மலைகளில் ஓய்வின் வரலாறு

வரலாற்றை நாம் பெரும்பாலும் கிளர்ச்சிகளின் வழியாகவே எழுதி வருகின்றோம். இரு கிளர்ச்சிகளுக்கிடையே மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதும் வரலாறே. பதுளையைச் சூழ்ந்த மலைகளின் கதையில், வேலை குன்றிய மாதங்கள் யாருக்குச் சொந்தமாயிருந்தன என்று வினவுவது அவசியமாகின்றது.

கோப்பிக் காலத்தில் உழைப்பு பருவத்தோடு கட்டுண்டிருந்தது. பழம் பறிக்கும் காலத்தில் தமிழகத்து ஏழை உழவர் கடல் கடந்து, காட்டுவழி நடந்து வந்தனர். வழியிலே மாண்டவர் பலர். எஞ்சியோரிற் பெரும்பாலோர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் காணப்பட்ட இலைநோய் பின்னர் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைப் பிடித்த தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆகவே குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. திரும்பிச் செல்ல ஓர் ஊரும், தமக்கெனச் சில மாதங்களும் இருந்த வாழ்வு பிரட்டுக்களத்துத் தப்பொலிக்குள் அடங்கிப்போயிற்று.

ஆயினும் இயற்கை முற்றிலும் பணிந்துவிடவில்லை. ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாய் ஊவாவில் இறங்குகின்றது. கொழுந்தின் வளர்ச்சி மந்தமாகின்றது. அந்த மந்தகதியிலேதான் ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தந்த தனி மணம் திரள்கின்றது. ஏலத்தில் விலையும் உயர்கின்றது. ஆனால் கூடையில் இலை குறைவு. குறித்த நிறை எட்டாவிடில் அரைப்பேர். நிதானத்தின் மதிப்பை ஏலம் அறிந்தது, செக்றோல் அறியவில்லை.

செடிக்கும் ஓய்வு உண்டு. சில ஆண்டுகளுக்கொருமுறை கவ்வாத்து வெட்டுவர். வேரில் மாச்சத்துப் போதிய அளவு சேர்ந்த பின்னரே வெட்ட வேண்டும் என்பது தேயிலைச் செய்கையின் பாடம். வெட்டியபின் பல வாரங்கள் அதிற் கொழுந்து பறிப்பதில்லை. செடிக்குச் சேமிப்பும் ஓய்வும் வேண்டுமென்று அறிந்த துரைமார், மனிதருக்கு அவை வேண்டாமென்று எண்ணினர் போலும்!

மக்களோ தமக்குரிய பொழுதைத் தாமே படைத்துக்கொண்டனர். மாசி மாதத்தில் காமன் ஊன்றிப் பல இரவுகள் கூத்தாடி, இறுதியில் காமனைத் தகனம் செய்யும் மரபு அவர்களுடையது. விடியலிற் பிரட்டுக்கு அழைத்த அதே தப்பு, இரவில் ரதியையும் மதனையும் ஆட்டுவித்தது. பகலெல்லாம் கங்காணியின் அதட்டலுக்கு உட்பட்டவன் அங்கே மன்மதனாய் நின்றான். வேடம் பகிர்தல், பொருள் திரட்டல், முறை வகுத்தல் யாவும் கூட்டுச் செயல்களே. பெண்களுக்கோ இவ்வோய்வும் முழுமையாகக் கிட்டவில்லை. தண்ணீர், அடுப்பு, பிள்ளை என்று அவர்களது பொழுது கழிந்தது. தாலாட்டும் ஒப்பாரியுமே அவர்கள் தமக்கெனக் கண்ட கலை.

கூடி இயங்கும் பழக்கம் கலையோடு நின்றுவிடுவதன்று. 1940இல் ஊவாவின் வேவெஸ்ஸ தோட்டத்தில், சமசமாஜக் கட்சியின் தலைமையில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது, தொழிலாளர் தாமே தேர்ந்த சபையொன்றை அமைத்தனர். அதனைக் கலந்தே நிர்வாகம் நடத்தத் துரையை இணங்கவும் செய்தனர். கூத்துதான் வேலைநிறுத்தத்தை ஈன்றது என்று நாம் கூறவில்லை. லயத்து முற்றத்தில் ஒன்றுகூடி முடிவெடுக்கத் தெரிந்த மக்களே சபை அமைக்கவும் வல்லவராயினர் என்கின்றோம்.

ஓய்வைப் புகழ்ந்துரைப்போர் பலர். கூலியற்ற ஓய்வுக்குப் பட்டினி என்றே பெயர். வேலை குன்றும் மாதத்திலும் உலை கொதிக்குமாயின், அம்மாதம் படிக்கவும் பாடவும் சிந்திக்கவும் உரிய காலமாகும். நாட்கூலி வாழ்வு அவ்வுரிமையை இன்றும் மறுத்து வருகின்றது. தேயிலை ஏற்றுமதியின் கணக்கை மாணவர்க்குக் கற்பிக்கும் நாம், பறிக்கப்பட்ட இந்தப் பொழுதுகளின் கணக்கையும் கற்பிப்போமாக.