சுழன்றபோது தெரிந்த புரதம்

ஒரு புரதத்தின் அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று முதலில் கண்டறிந்தவர்கள் கேம்பிரிட்ஜில் ஜான் கெண்ட்ரூவும் அவருடைய குழுவினரும். திமிங்கிலத் தசையிலிருந்து எடுத்த மயோகுளோபினை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்து 1960இல் அதன் வடிவத்தை வெளியிட்டார்கள். அந்த வடிவத்தைக் கண்ணால் பார்க்க அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆறடி உயரக் கம்பிகள் சுமார் 2,500ஐ நட்டு, எலெக்ட்ரான் அடர்த்திக்கு ஏற்ப அவற்றில் வண்ணக் கிளிப்புகளை மாட்டி, இடையே மூலக்கூறைக் கட்டினார்கள். ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு ஐந்து சென்டிமீட்டர் என்பது அளவு. நடுவில் ஒரு அணுவைத் தொட வேண்டுமானால் கம்பிகளுக்குள் கையை நுழைக்க வேண்டும். பின்பக்கத்தைப் பார்க்க ஆள்தான் சுற்றி வர வேண்டும்.

ஆளுக்குப் பதில் மூலக்கூறைச் சுற்ற வைத்தவர் சைரஸ் லெவிந்தால். இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு வந்தவர். 1960களின் நடுவில் எம்.ஐ.டி.யின் ப்ராஜெக்ட் மேக்கில், பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொண்ட பெரிய கணினியை வைத்து அதைச் செய்தார். திரையில் தெரிந்தவை வெறும் ஒளிக்கோடுகள். அசையாமல் நின்றால் அது சிக்கு விழுந்த நூல்கண்டு. சுழலத் தொடங்கியதும் முன்னால் இருக்கும் கோடு ஒருபக்கமும் பின்னால் இருப்பது எதிர்ப்பக்கமும் நகரும். கண் தானாக ஆழத்தைப் பிடித்துக்கொள்ளும். கையருகே ஒரு அரைக்கோளக் கருவி இருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்து எவ்வளவு திருப்புகிறோமோ அதற்கேற்ற வேகத்தில் மூலக்கூறு சுழலும். புரதத்தை முப்பரிமாணத்தில் காணும் கலை பிறந்தது அந்தச் சுழற்சியில்தான் என்பேன். 1966இல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் லெவிந்தாலே இதை விரிவாக எழுதினார்.

சுழற்றும் கணக்கு பள்ளிக்கூட முக்கோணவியல்தான். ஒவ்வொரு அணுவுக்கும் எக்ஸ், ஒய், இசட் என மூன்று எண்கள். செங்குத்து அச்சைச் சுற்றித் திருப்ப, எக்ஸைக் கோணத்தின் கொசைனாலும் இசட்டைச் சைனாலும் பெருக்கிக் கூட்டினால் புதிய எக்ஸ் வந்துவிடும், ஒய் மாறாது. அணுக்கள் கோத்த புரதச் சங்கிலியை மடிப்பதுதான் கடினம். எந்தப் பிணைப்பை எவ்வளவு திருகினால் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாது? சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் 1963இலேயே அதை இரண்டு கோணங்களின் வரைபடமாகத் தந்திருந்தார்கள்.

1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் புரதத் தரவு வங்கி (பிடிபி) தொடங்கியபோது அதில் இருந்தவை ஏழே வடிவங்கள். துளை அட்டைக் காலத்துக் கோப்பு என்பதால் ஒரு வரிக்கு 80 எழுத்துகள். 31 முதல் 54 வரையிலான இடங்களில் ஒரு அணுவின் எக்ஸ், ஒய், இசட் எண்கள். பைத்தானில் பிடிபி கோப்பைப் படிக்க நிரல் எழுதுபவர் இன்றும் அந்த இடங்களைத்தான் வெட்டி எடுக்கிறார்.

விலையுயர்ந்த கணினிகளின் கட்டு அவிழ்ந்தது 1990களில். ரோஜர் சேல் தம் ராஸ்மால் மென்பொருளை மூலநிரலோடு இலவசமாகக் கொடுத்தார். சாதாரணக் கணினியிலேயே மவுஸை இழுத்துப் புரதத்தைத் திருப்பிப் பார்க்க மாணவர்களுக்கும் வழி பிறந்தது.